டவுன் பஸ் திட்டத்தை ஊர்ப்பக்கம் இருந்து தொடங்குங்கோ

வவுனியாவில போக்குவரத்து எண்டு வாயத் திறந்தா கதை நேரா பஸ் ஸ்ராண்டுக்குத்தான் போகும். புது பஸ் ஸ்ராண்ட் 2017இல திறந்தது, அதுக்குப் பிறகு சீரிபி, அதாவது இலங்கை போக்குவரத்துச் சபை, பஸ் எங்க நிக்கிறது பிறைவேட் பஸ் எங்க நிக்கிறது எண்டு பணிப்புறக்கணிப்பு, கூட்டம், பேச்சுவார்த்தை எண்டு எவ்வளவு காலம் இழுபட்டது எண்டு இங்க இருக்கிற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது சின்னப் பிரச்சினை எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா பஸ் ஸ்ராண்ட் எண்டது பஸ் வந்து நிக்கிற இடம் மட்டும்தானே. அந்த பஸ் எந்த ஊரில இருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிடுது, அதில ஆர் ஏறீனம், ஏற முதல் எவ்வளவு தூரம் நடக்கினம், திரும்பிப் போக அவைக்கு பஸ் இருக்கோ, திட்டம் எண்டா இதுகள்தான் முதல் பக்கத்தில வரோணும்.

நகரசபையா இருந்தது இப்ப மாநகரசபையாச்சு, 2025 மே தேர்தலோட புது உறுப்பினர்களும் வந்திட்டினம். புதுசா ஒரு சபை திட்டம் போடேக்க கட்டடத்தில தொடங்காம சனத்தில தொடங்கட்டும் எண்டுதான் இதை எழுதுறன்.

எங்கட பெரியம்மா நெடுங்கேணிப் பக்கம் உள்ளுக்க இருக்கிறா, பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் வவுனியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வாறவ. கிளினிக் நாளெண்டா அவவுக்கு விடியப்புறமே எழும்போணும், ஏனெண்டா வெள்ளண வந்து நம்பர் எடுக்காட்டி மருந்து எடுக்க மத்தியானம் தாண்டிடும், வெள்ளண வாறதெண்டா முதல் பஸ்ஸைப் பிடிக்கோணும், முதல் பஸ்ஸைப் பிடிக்கிறதெண்டா இருட்டுக்க கிரவல் றோட்டால மெயின் றோட்டுக்கு நடக்கோணும், அந்த றோட்டில லைட் இல்ல, யானை வாற இடம் வேற. தனிய வர ஏலாம பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவா, அந்தப் பிள்ளைக்கு அண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்ல. மருந்து எடுத்து முடியிற நேரம் நெடுங்கேணி பஸ் போயிருக்கும். ஏ9 மெயின் றோட்டால போற யாழ்ப்பாண பஸ்ஸில புளியங்குளம் மட்டும் போகலாம்தான், ஆனா புளியங்குளச் சந்தியில இறங்கினா அங்கால என்ன செய்யிறது? ஓட்டோ பிடிச்சா அரசாங்கம் உதவியாக் குடுக்கிற அந்த மாசத்துப் பிச்சைச் சம்பளக் காசில பெரிய துண்டு அதுக்கே போயிடும். சில மாசம் கிளினிக்கே வேண்டாம் எண்டு விட்டிருக்கிறா. சீனி வருத்தக்காரர் மருந்து எடுக்காம விட்டா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. ஒரு பஸ் பின்னேரம் நேரத்துக்கு நிண்டிருந்தா அவ வந்திருப்பா.

பெரியம்மா வவுனியா மாநகரசபைக்கு வோட் போடுற ஆளில்ல. அதுதான் இதில மெயின் பிரச்சினை எண்டு நினைக்கிறன். மாவட்டத்தில மாநகரசபை ஒண்டு, அதைச் சுத்தி வவுனியா வடக்கு, தெற்கு தமிழ், தெற்கு சிங்களம், வெண்கலச்செட்டிகுளம் எண்டு நாலு பிரதேச சபை. டவுனுக்கு பஸ்ஸில வாற சனத்தில கனபேர் இந்த நாலுக்குள்ள இருந்து வாற ஆக்கள், ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்), சந்தைக்கு, ரியூசனுக்கு எண்டு. முல்லைத்தீவுப் பக்கத்தால வாற ஆக்களும் இருக்கினம். டவுன் எல்லைக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு சைக்கிள் இருக்கு, ஸ்கூட்டி இருக்கு, கூப்பிட்ட உடன ஓட்டோ வரும். பஸ் இல்லாட்டி அசைய ஏலாத சனம் எல்லைக்கு வெளியால இருக்கு. மாநகரசபை தன்ர வரைபடத்துக்குள்ள மட்டும் திட்டம் போட்டா அந்தத் திட்டத்தில இந்தச் சனமே வராது.

சபையில கேட்டா பஸ் எங்கட அதிகாரத்தில இல்ல எண்டு சொல்லுவினம். அது உண்மைதான். சீரிபி மத்திய அரசாங்கத்தின்ர. மாகாணத்துக்குள்ள ஓடுற பிறைவேட் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் குடுக்கிறது 1987இல வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைப் பக்கம். மாகாணம் தாண்டி ஓடுற பஸ் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்குக் கீழ. ஏ9, மன்னார் றோட்டு எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர. இப்பிடிப் பிரிச்சுப் பிரிச்சு ஒவ்வொருத்தரும் மற்றவரைக் கை காட்ட, கடைசியில பஸ் ஹோல்ட்டில நிக்கிற ஆளுக்கு ஒருத்தரும் பதில் சொல்லாயினம்.

ஆனா சபையின்ர கையில ஒண்டும் இல்ல எண்டு சொல்ல ஏலாது. உள் ஒழுங்கையள், தெரு லைட், சபை வீதிக்கரை வாய்க்கால், நடைபாதையை மறிச்சு சாமான் பரப்பி வைக்கிறது, ஓட்டோ தரிப்பிடம், இதுகள் சபை கை வைக்கக்கூடிய விஷயங்கள். ஒரு ஆள் வீட்டில இருந்து பஸ் வரைக்கும் வாற வழியைப் பாத்தீங்களெண்டா அதில பெரும்பகுதி உள்ளூராட்சி சபையின்ர பொறுப்பு. மாரியில வெள்ளம் நிக்கிற ஒழுங்கையால சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு வாற பிள்ளையளை ஐப்பசி கார்த்திகையில எந்தப் பக்கம் போனாலும் காணலாம். குருமன்காட்டுச் சந்தியில காலமை நேரம் றோட்டுக் கடக்கிறது எவ்வளவு பயம் எண்டு அங்க போற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ.

பஸ் நேரம் எழுதின ஒரு போர்ட் வைக்கிறதுக்கு எந்த அதிகாரம் வேணும்? எத்தினையோ ஹோல்ட்டில கூரை இருக்கு, கட்டித் தந்த ஆக்களின்ர பெயர் பெருசா இருக்கு, எத்தினை மணிக்கு பஸ் வரும் எண்டு மட்டும் இல்ல, பக்கத்துக் கடைக்காரரைத்தான் கேக்கோணும்.

ரெண்டு பக்க பஸ்ஸும் ஒரே ஒழுங்கில ஓடுற இணைந்த நேர அட்டவணை பற்றிக் கதைக்கிறதெல்லாம் இப்ப சீரிபிக்கும் பிறைவேட்டுக்கும் இடையில ஆருக்கு எந்த நேரம் எண்ட இழுபறியாத்தான் இருக்கு. பிறைவேட்காரரிலயும் எனக்குக் கோவமில்ல, ரைவருக்கும் கொண்டக்டருக்கும் அண்டைய கலெக்ஷனிலதான் சம்பளம், சனம் நிறையும் வரைக்கும் நிக்கிறதும் பிறகு முன்னுக்குப் போன பஸ்ஸை வெட்டி ஓடுறதும் அதாலதான் வருது. ஆனா பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர சலுகை சீசன் ரிக்கெற் சீரிபியில மட்டும்தான் செல்லும். அப்ப பள்ளிக்கூடம் தொடங்கிற நேரத்திலயும் விடுற நேரத்திலயும் எந்த பஸ் ஓடுது எண்டது முதலாளிமாரின்ர பிரச்சினை மட்டும் இல்ல, கூலிவேலை செய்யிற வீட்டில ரெண்டு மூண்டு பிள்ளையள் படிச்சா ஒரு நாளைக்கு பஸ் காசு எவ்வளவு எண்ட பிரச்சினை. அட்டவணை போடுற மேசையில இதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கோணும், அது சபையின்ர ஆளா இருக்கட்டும்.

பின்னேர பஸ்ஸும் அப்பிடித்தான். ஏ எல் (உயர்தர) ரியூசன் முடிஞ்சு பூவரசங்குளம், செட்டிகுளம் பக்கம் போற பொம்பிளைப் பிள்ளையள் கடைசி பஸ்ஸுக்காக பாதி வகுப்பில எழும்பிப் போறதை நான் கண்ணால கண்டிருக்கிறன். பம்பைமடுவில வளாகமா இருந்தது 2021 ஆகஸ்டில வவுனியாப் பல்கலைக்கழகமாச்சு, அதே மன்னார் றோட்டாலதான் அங்க படிக்கிற பிள்ளையளும் போய்வரோணும். பல்கலைக்கழகப் பிள்ளையளையும் செட்டிகுளப் பிள்ளையளையும் சேத்துப் பாத்தா பின்னேரம் இன்னொரு பஸ் ஓடுறதுக்கு அந்த றோட்டில ஆள் இருக்கு. தனித்தனியா பாக்கிறதாலதான் ஆள் காணாது எண்டு சொல்லீனம்.

ஆள் உண்மையாவே குறைஞ்ச ஊருக்கும் வழி இருக்கு. நட்டத்தில ஓடுற கிராமத்து றூட்டுக்கு உதவித்தொகை குடுக்கிற கெமி சரிய, இரவுக்கு நிசி சரிய, பள்ளிக்கூடத்துக்கு சிசு சரிய எண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிட்ட திட்டம் இருக்கு. அதைக் கேட்டு வாங்கிறதெண்டா எந்த ஊரில எத்தினை பேர் எத்தினை மணிக்குப் போகினம் எண்ட கணக்கு கையில இருக்கோணும். அந்தக் கணக்கை எடுக்கிறதுக்கு கோடிக் கணக்கில காசு தேவையில்ல. அஞ்சு சபையும் சேந்து கிராம சேவையாளர், பாடசாலை அதிபர், கிளினிக் எண்டு கேட்டாலே முக்கால்வாசி வந்திடும். அந்தக் கணக்கோட மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போனா டிப்போவும் மாகாண அதிகாரியளும் பதில் சொல்லத்தான் வேணும்.

பாதீட்டுக்கு முன்மொழிவா நான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன், நெடுங்கேணி றூட்டில முதல் பஸ், கடைசி பஸ், கிளினிக் முடியிற நேரம் மூண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி. செட்டிகுளம், ஓமந்தை, கனகராயன்குளம் பக்கத்து ஆக்கள் உங்கட ஊர் பஸ் நேரங்களைக் கீழ எழுதிவிடுங்கோ, சேத்துக் குடுக்கிறன்.