லேப்டாப் வாங்கப் பென்டிரைவோடு போனேன்

பதினொரு வருஷமாக ஒரே டெஸ்க்டாப்பில்தான் என் பிழைப்பு. திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்கு டிடிபி, அதாவது கணினியில் பக்க வடிவமைப்பு, செய்து தருகிறேன். நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 18.5 அங்குல மானிட்டர். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கிற பிராசஸர் பட்டியலில் என்னுடைய ஐ3 இல்லை. அதே மாதம், திண்டிவனம் பக்கத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் கூடவே இருந்தேன். அச்சுக்குப் போக வேண்டிய கவிதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பத்து நாளும் அப்படியே கிடந்தது. சரி, இனி வேலையையும் பையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கையில் 65,000 ரூபாய். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு எனக்கு நடக்கிற தூரம்தான். போகும்போது ஒரு பென்டிரைவில் இரண்டே ஃபைல் எடுத்துக்கொண்டேன்: பத்து பாயின்ட்டில் வரி அடுக்கிய ஒரு பக்கம், குங்குமச் சிவப்பில் ஒரு அட்டை. அந்த அட்டையின் அச்சுப் பிரதியும் பையில் இருந்தது.

முதல் கடையில் காட்டியது பெரிய 15.6 அங்குலம். விலையும் கட்டுப்படியானதுதான். என் பக்கத்தைத் திறந்தேன், எழுத்து தெளிவாகவே இருந்தது. அட்டையைத் திறந்ததும் திக்கென்றது. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிந்தது. அச்சுப் பிரதியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் வேறு வேறு புத்தகம் போல இருந்தன. அந்த மாடலின் விவரத்தை மொபைலில் தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தார்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதைச் சொல்லும் அளவு அது. விலை குறைந்த லேப்டாப்களில் இந்தத் திரைதான் அதிகம். கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க இது போதும். நிறத்தை நம்பி வேலை செய்கிறவர்கள், இன்னொரு நிற அளவான ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிராசஸர் பெயரை ஒட்டுத்தாளில் பெரிதாகப் போடுகிறார்கள், திரையைப் பற்றிக் கேட்டால்தான் சொல்கிறார்கள். நாள் முழுக்க நாம் பார்த்துக்கொண்டிருப்பது திரையைத்தானே!

பிராசஸரிலும் ‘ஐ5’ என்பதோடு நிறுத்தக் கூடாது, முழு எண்ணையும் கேட்க வேண்டும். கடைசியில் ‘எச்’ வந்தால் வேகம் அதிகம். மின்சாரம், சூடு, எடை எல்லாமும் அதிகம். ‘யு’ வந்தால் சிக்கனம், பேட்டரி நிற்கும். கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து ஊருக்குப் போகிறவளுக்கு, சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ பக்கம் வருகிற ‘எச்’ வகை சரிப்படாது. பக்க வடிவமைப்புக்கு ‘யு’ தாராளமாகப் போதும்.

ராம் விஷயத்தில்தான் ஏமாற இருந்தேன். இரண்டாவது கடையில் 8 ஜிபி மாடல் ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. “அக்கா, இப்போ இதை எடுங்க, பின்னாடி 16 ஆக்கிக்கலாம்” என்றார் கடைத் தம்பி. பணம் கட்டும் முன் அந்த மாடல் எண்ணைத் தேடினேன். ராம் போர்டிலேயே பற்றவைத்தது, கூடுதலாகச் செருக ஸ்லாட்டே இல்லை. டெஸ்க்டாப்பில் பக்கத் தகட்டைக் கழற்றி ராம் மாற்றிப் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. அதை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது நாள் அமைந்தது: 14 அங்குலம், 1920-க்கு 1200, நல்ல நிறம், 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி. ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 62,500. அதில் என் பக்கத்தைத் திறந்து, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தேன். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. குங்குமமும் குங்குமமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் போராட்டம். டெஸ்க்டாப்பின் பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளிக் கேஸ் ஒன்றில் போட்டு லேப்டாப்போடு இணைக்க வேண்டும். அது மூன்றரை அங்குலம். யூஎஸ்பி மின்சாரம் மட்டும் அதற்குப் போதாது, தனி அடாப்டரோடு வருகிற கேஸ்தான் வாங்க வேண்டும். தெரியாமல் சின்ன கேஸ் வாங்கி, மறுநாள் போய் மாற்றினேன். அப்புறம் 2016-இல் செய்த ஒரு சிறப்பு மலரின் ஃபைலைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள்! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவைப் போட மறந்திருந்தேன். போட்டதும் தமிழ் திரும்பியது. பழைய கணினியில் உள்ளதை அழிப்பதற்கு முன் அதன் ஃபான்ட் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்துவிடுங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் மெனுக்கள் மங்கலாகத் தெரிந்தன. திரையை 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருந்ததுதான் காரணம். அந்த மென்பொருளின் ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், உயர் டிபிஐ அமைப்பை மாற்றியதும் தெளிந்தது.

சென்னையில் இருக்கும்போது பழைய மானிட்டரையே பக்கத்தில் இணைத்துக்கொள்கிறேன். அதில் விஜிஏ இணைப்பு மட்டும்தான், லேப்டாப்பில் எச்டிஎம்ஐ. நடுவே ஒரு சின்ன கன்வர்ட்டர். பழைய கீபோர்டும் மவுஸும் இருக்கவே இருக்கின்றன. நாள் முழுக்க சார்ஜரில் இருப்பதால், 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிட்டேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மட்டும் முழுசாக ஏற்றிக்கொள்வேன்.

போன வாரம் ஊரில் அம்மாவின் தையல் மெஷின் பலகைமேல் வைத்து வேலை பார்த்தேன். சாயங்காலம் கரண்ட் போனது. பழக்க தோஷத்தில் கை சட்டென்று சேவ் செய்யப் போனது. யூபிஎஸ் கத்தும் சத்தத்துக்குக் காது காத்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் திரை வெளிச்சத்திலேயே அம்மாவுக்கு ராத்திரிக் கண் சொட்டு மருந்தைப் போட்டுவிட்டு, மீதிப் பக்கங்களை முடித்தேன்.