பதினைந்தாவது சுற்றில் விட்ட ஆள்

நேற்று மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை நான் யாருக்காகக் கத்துகிறேன் என்று என் மகளுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

2024 சீசனின் முதல் வாரம். பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் அட்லாண்டாவில் ஆடுகிறார்கள். நான் பிட்ஸ்பர்க்காரன். 2007இல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன். மைக் டாம்லின் ஸ்டீலர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். 2024இலும் அவர் அந்த வேலையில் இருந்தார், நான் அதற்குள் மூன்று கம்பெனி மாறியிருந்தேன். ஆக, நான் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. ஆனால் எதிரணி ஃபால்கன்ஸின் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர், பிஜான் ராபின்சன் என் ஃபேன்டசி அணியில் இருக்கிறார். நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நான் காகிதத்தில் கட்டிய அணி அது; அவர்கள் களத்தில் சாதிப்பது எனக்குப் புள்ளி. அவர் பந்தை வாங்கி ஓடும்போதெல்லாம் "ஓடு, ஓடு" என்று என் வாய் சொல்லும். அவரை யாராவது மடக்கினால் "அப்படிப் போடு" என்று அதே வாய் சொல்லும். "அப்பா, ஒரு பக்கம் இருங்க" என்றாள் மகள்.

இந்த நிலைமைக்கு நான் வந்தது எப்படி என்றால், ஒரு சபதத்தால்.

எங்கள் ஆபீஸில் பன்னிரண்டு பேர் கொண்ட ஃபேன்டசி லீக் ஒன்று பல வருடமாக ஓடுகிறது. ஆளுக்கு 50 டாலர். கடைசி இடத்தில் வருபவர் மறுவருடம் ஒருநாள் முழுக்க ஸ்டீலர்ஸின் ஜன்ம எதிரியான பால்டிமோர் ரேவன்ஸ் ஜெர்சி போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வர வேண்டும். பிட்ஸ்பர்க்கில் இது 50 டாலரை விடப் பெரிய இழப்பு. கமிஷனர் என்று நாங்கள் அழைக்கும் கணக்குப் பிரிவு மனிதர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஆகஸ்ட் கடைசியில், ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பங்குபோடும் டிராஃப்ட் நடக்கும். சுவரில் பெரிய அட்டை, வண்ண ஸ்டிக்கர்கள், ஒவ்வொரு தேர்வுக்கும் 90 வினாடி. பாம்பு வரிசை: முதல் சுற்றில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை போனால், அடுத்த சுற்று பன்னிரண்டிலிருந்து திரும்பி வரும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ஸ்டீலர்ஸின் நிறமே கருப்பும் பொன்னும் என்பதால் இந்தப் பழமொழியை எங்களுக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கும். என் டிராஃப்ட் வரலாறு முழுக்க இந்தக் காக்கைத்தனம்தான்.

2018இல் எனக்கு இரண்டாவது தேர்வு. டாட் கர்லியை ஒருவர் எடுத்ததும் நான் யோசிக்கவே இல்லை, ஸ்டீலர்ஸின் ரன்னிங் பேக் லெவியான் பெல். அவர் அப்போது ஒப்பந்தத் தகராறில் முகாமுக்கே வரவில்லை. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் காத்திருக்கிறது, அதை விட்டுவிட்டு யாராவது ஒரு வருடம் வீட்டில் உட்காருவார்களா? உட்கார்ந்தார். முழு சீசனும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் இடத்தில் இறங்கியவர் ஜேம்ஸ் கானர், இதே ஊர் பிட் பல்கலைக்கழகத்தில் ஆடி, கல்லூரிக் காலத்திலேயே ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பையன். முதல் ஆட்டத்திலேயே கிளீவ்லாந்துக்கு எதிராக 135 யார்டு ஓட்டம், இரண்டு டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தது இரண்டு முறை. கானரைப் பன்னிரண்டாவது சுற்றில் எடுத்து வைத்திருந்தவர் என் எதிர் மேசைக்காரர். அவர் அந்த கிளீவ்லாந்து அணியான பிரவுன்ஸின் ரசிகர். தன் சொந்த அணிக்கு எதிராகக் கானர் ஓட ஓட அவருக்குப் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. பெரிய நட்சத்திரத்தை எடுத்தால் அவருக்கு மாற்றாக இருப்பவரையும் பின்னால் எடுத்து வை என்பது பால பாடம். இதற்கு 'கைவிலங்கு' என்றே பெயர். நான் போடவில்லை, அவர் போட்டார்.

அதிலாவது ஒரு நியாயம் இருந்தது, பெல்லை அந்த வருடம் நாடே எடுத்தது. 2023க்கு நான் எந்த சமாதானமும் சொல்ல முடியாது.

ஸ்டீலர்ஸின் பயிற்சி முகாம் லட்ரோபில், செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் நடக்கும். 1966இலிருந்து, கொரோனாவின் இரண்டு வருடம் தவிர, அங்கேதான். இங்கிருந்து கிழக்கே 40 மைல் இருக்கும். புல்சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆட்டக்காரர்கள் கூப்பிடு தூரத்தில் நடந்து போவார்கள். கிட்டத்தில் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு: நாம் பார்த்ததை நம்பிவிடுவோம். அந்த ஆகஸ்டில் நான் பார்த்தது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், கென்னி பிக்கெட்டின் இரண்டாவது வருடத் தெளிவை. பிறகு மூன்று ப்ரீசீசன் ஆட்டங்கள், சீசனுக்கு முன் கணக்கில் வராத பயிற்சி ஆட்டங்கள். பிக்கெட் தலைமையில் முதல்நிலை வீரர்கள் இறங்கியது ஐந்து முறை, ஐந்திலும் டச்டவுன். ஊரே மிதந்தது. குவார்ட்டர்பேக் ஒருவர்தான் தேவைப்படும் எங்கள் லீகில், பிக்கெட்டை யாருமே தேடாத எட்டாவது சுற்றில் பாய்ந்து எடுத்தேன். பேஸ்மென்ட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் சொந்த மைதானத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸிடம் 30-7 என்று தோல்வி. பன்னிரண்டு ஆட்டங்களில் பிக்கெட் எறிந்த டச்டவுன்கள் மொத்தம் ஆறு. அடுத்த மார்ச்சில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எதிர் மேசைக்காரர் அப்போது சொன்னது இது: "ப்ரீசீசன் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாமே. 2017இல் நாங்கள் நான்குக்கு நான்கு ஜெயித்தோம்." அந்த பிரவுன்ஸ் அணி சீசனில் 0-16. 2008இல் டெட்ராய்ட் லயன்ஸும் அப்படியே: ப்ரீசீசனில் 4-0, சீசனில் 0-16. பதினாறையும் தோற்ற அணிகள் வரலாற்றில் இந்த இரண்டுதான், இரண்டுமே ஆகஸ்டில் தோற்காதவை. யோசித்தால் காரணம் எளிது. தொண்ணூறு பேரை ஐம்பத்து மூன்றாகக் குறைப்பதற்கான பரீட்சை அது. எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வேலை தேடப் போகிறவர்கள். பயிற்சியாளர்கள் உருப்படியான திட்டம் எதையும் வெளியே காட்டுவதில்லை. இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்து என்ன.

ஆகவே 2024இல் சபதம்: கருப்பும் பொன்னும் போட்ட ஒருவனைக்கூட எடுப்பதில்லை. ஸ்டீலர்ஸ் ப்ரீசீசனில் மூன்றுக்கு மூன்று தோற்றதும் சபதத்துக்கு வசதியாகப் போயிற்று.

டிராஃப்ட் அன்று பீட்ஸா வரும்வரை பேச்சு வழக்கம்போல் பயிற்சியாளர்கள் பக்கம் திரும்பியது. 2024 ஜனவரியில் இரண்டே நாளில் பீட் கேரல், நிக் சேபன், பில் பெலிசிக் மூவரும் தங்கள் இடங்களை விட்டுப் போனார்கள் அல்லவா, அதிலிருந்து ஆரம்பித்தது. பெலிசிக்கை முதலில் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியதும் கிளீவ்லாந்து, துரத்தியதும் கிளீவ்லாந்து என்று யாரோ எடுத்துக் கொடுக்க, எதிர் மேசைக்காரர் சூடாகிவிட்டார். "உங்கள் பழைய பயிற்சியாளர் சக் நோல் யார்? கிளீவ்லாந்தில் பிறந்தவர், பிரவுன்ஸில் ஆடியவர். அவருக்குப் பின் வந்த பில் கௌவர் யார்? எங்களுக்கு ஆடியவர், எங்களிடம் ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளராக இருந்தவர். தொழில் கற்றுக்கொடுத்தது நாங்கள், கோப்பை மட்டும் உங்களுக்கு."

கமிஷனர் டாம்லினைத் தூக்கிப் பிடித்தார். பதினேழு சீசன், ஒன்றில்கூட தோல்விகள் வெற்றிகளைத் தாண்டவில்லை. குவார்ட்டர்பேக் இல்லாத வருடங்களிலும். எனக்கு அந்தக் கணக்கில் மரியாதை உண்டு, ஆனால் மனம் நோலிடம்தான் போகும். 1969இல் வந்த முதல் வருடம் 1-13. இன்றைக்கு அப்படி ஒருவர் தோற்றால் கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊர் பொறுத்தது. 1974இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பங்குபோடும் நிஜ டிராஃப்டில், லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் என்று நான்கு பேரை எடுத்தார்கள். நால்வரும் இந்த ஆட்டத்தின் பெருமைக்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். எந்த அணியும் எடுக்காத டானி ஷெல்லையும் அதே வருடம் சேர்த்துக்கொண்டார்கள், அவரும் அங்கேதான். ஆறு சீசனில் நான்கு சூப்பர் பவுல் கோப்பை. நோலின் இடத்தில் நான் இருந்திருந்தால் லாம்பர்ட்டை இரண்டாவது வாரமே வேண்டாமென்று வேய்வரில் கழற்றி விட்டிருப்பேன்.

"அதெல்லாம் சரி, டாம்லின் சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட்டில், ப்ளேஆஃபில், கடைசியாக ஜெயித்தது எப்போது?" என்றார் எதிர் மேசைக்காரர். 2017 ஜனவரி என்று நான்தான் பதில் சொன்னேன். கேன்சஸ் சிட்டி, 18-16. ஒரு டச்டவுன்கூட இல்லாமல் ஜெயித்த ஆட்டம். பதினெட்டுப் புள்ளிகளும் எங்கள் கிக்கர் கிறிஸ் பாஸ்வெல் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஆறு ஃபீல்டு கோல்கள், ஒன்றுக்கு மூன்று புள்ளி. அது ப்ளேஆஃப் சாதனை. இதை என் வாயாலேயே, பதினைந்தாவது சுற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பு, அந்த அறையில் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் நன்றாகவே போயிற்று. ஐந்தாவது தேர்வில் பிஜான். ஸ்டீலர்ஸின் ஜார்ஜ் பிக்கன்ஸ் பெயர் அட்டையில் நெடுநேரம் மிஞ்சி நின்றபோது கை அரித்தது, காபி எடுக்க எழுந்து போனேன். கடைசியாகப் பதினைந்தாவது சுற்று. அது கிக்கர் சுற்று. பதினான்கு சுற்றுகள் மூளையைக் கசக்கிய மனிதர்கள் அதில் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்வார்கள். பட்டியலில் பாஸ்வெல் இருந்தார். ரேவன்ஸின் ஜஸ்டின் டக்கரும் இருந்தார். பாஸ்வெல்லை எடுத்தால் சபதம் போயிற்று. டக்கரை எடுத்தால் மானம் போயிற்று. டக்கர் என்றேன். அடுத்த வினாடி, எனக்கு அடுத்து, வரிசையில் ஆறாவது இடத்தில் இருந்த எதிர் மேசைக்காரர், சாவியைச் சுழற்றிக்கொண்டே "பாஸ்வெல்" என்றார்.

கிக்கரை இப்படிக் கிள்ளுக்கீரையாக நினைப்பது இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஃபேன்டசி ஃபுட்பாலை 1962இல் யோசித்தவர் ஓக்லாந்து ரெய்டர்ஸின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக். முதல் டிராஃப்ட் மறு ஆகஸ்டில் அவர் வீட்டில். அன்று முதல் தேர்வாகப் போனவர் ஜார்ஜ் பிளாண்டா. ஜிம் பிரவுன் என்ற மாபெரும் ஆட்டக்காரர் அட்டையில் இருக்கும்போதே பிளாண்டா. அவர் குவார்ட்டர்பேக்காகவும் ஆடுவார், ஃபீல்டு கோலும் உதைப்பார்.

பாஸ்வெல் வந்த கதையும் ஒரு ப்ரீசீசனில்தான் தொடங்குகிறது. 2015 ஆகஸ்டில் கேன்டனில் நடந்த ஒன்றுக்கும் உதவாத ஆட்டத்தில் அப்போதைய கிக்கர் ஷான் சூஷம் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அடுத்து வந்தவருக்கும் காயம். அதற்கடுத்து வந்தவர் ரேவன்ஸுக்கு எதிராக உதைகளைத் தவறவிட்டு வேலையை இழந்தார். நான்காவது ஆளாக அக்டோபரில் வந்தவர் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத பாஸ்வெல். ஆகஸ்டில் நாம் கண்ணை அகட்டிப் பார்ப்பது எறிபவனையும் ஓடுபவனையும். அடுத்த ஒன்பது வருடத்துக்கு ஊருக்குப் புள்ளி சேர்க்கப் போகிறவன் அப்போது எங்கள் கண்ணிலேயே படவில்லை.

முதல் வாரம் எனக்கு எதிரி யார் என்று மென்பொருள் முடிவு செய்தது. வேறு யார், எதிர் மேசைக்காரர்தான். வியாழன் இரவே டக்கர் நீண்ட உதை ஒன்றைத் தவறவிட்டார். அந்த ஆட்டத்தை நான் பார்த்த லட்சணம் வேறு: ரேவன்ஸ் உதைக்கு எழுந்து நின்று வேண்டிக்கொண்டதை மனைவி போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். ஆபீஸுக்குப் போகாமல் இருக்க அந்தப் படத்துக்கு என்ன விலை என்று இன்னும் பேசி முடியவில்லை.

நேற்று ஸ்டீலர்ஸ். ரசல் வில்சனுக்குக் கெண்டைக்கால் வலி, ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இறங்கினார். எதிரணிக்குள் நுழைவார்கள், நிற்பார்கள், பாஸ்வெல் வருவார். மறுபடி நுழைவார்கள், நிற்பார்கள், பாஸ்வெல் வருவார். ஐம்பது யார்டுக்கு அப்பாலிருந்தும் அசையாமல் உள்ளே போயிற்று. மூன்றாவது உதையில் நான் எழுந்து கைதட்டினேன். நான்காவதில் உட்கார்ந்தே தட்டினேன். ஐந்தாவதில் போனை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஆறாவது போனபோது ஸ்டீலர்ஸ் 18, ஃபால்கன்ஸ் 10. அந்த அணிக்கு விழுந்த ஒரே டச்டவுனைப் பிடித்தவர் கைல் பிட்ஸ், என் பிஜான் இல்லை.

டச்டவுன் இல்லாமல் பதினெட்டு, ஆறு உதை, வெற்றி. கேன்சஸ் சிட்டியில் நடந்தது அப்படியே வரி மாறாமல்.

இரவு என் தோல்வி உறுதியானது. வித்தியாசம் ஒன்பது புள்ளி. அவருடைய பிரவுன்ஸ் சொந்த மைதானத்தில் டல்லாஸிடம் 33-17 என்று அடி வாங்கியிருந்தது, ஆகவே நல்ல மனநிலையில் இருக்க மாட்டார், பேரம் படியும் என்று கணக்குப் போட்டேன். டக்கரோடு ஒரு உதிரி ரன்னிங் பேக்கையும் தருகிறேன், பாஸ்வெல்லைக் கொடுங்கள் என்று ட்ரேடு அனுப்பினேன். சபதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

காலையில் பதில் வந்திருந்தது. "நோல், கௌவர், பாஸ்வெல். மூன்று பேரும் எங்கள் ஆட்கள்."