மேசைக்காரருக்குப் போன பணம்

2016 முதல் 2019 வரை பெங்களூரில் வேலை பார்த்தபோது நான் இரண்டு இடங்களில் போக்கர் ஆடினேன். சனிக்கிழமை இரவுகளில் நண்பர் ஒருவரின் வீட்டு உணவு மேசையைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்து ஆடுவோம். வார நாள்களில், வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகு, முகம் தெரியாதவர்களுடன் கணினியில் ஆடுவேன். இரண்டும் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற ஒரே ஆட்டம். இரண்டிலும் பிக் பிளைண்ட், அதாவது சீட்டு போடுவதற்கு முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பணம், பத்து ரூபாய்தான். வீட்டு ஆட்டத்தின் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கணினி ஆட்டம் கை கையாக, அதாவது சீட்டு போட்டு ஆடும் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக, தானே பதிவாகியது. நான்கு ஆண்டுகளின் முடிவில் வீட்டு மேசையில் எனக்கு 38,000 ரூபாய் லாபம், கணினியில் 22,000 ரூபாய் நட்டம். போக்கரில் திறமையால் லாபம் பார்க்க முடியுமா என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு எண்களையும் விளக்காமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மூடிய நிலையில் தரப்படும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதலில் மூன்று சீட்டுகளும், அடுத்து ஒன்றும், கடைசியாக ஒன்றும் திறக்கப்படும். இவற்றை ஃப்ளாப், டர்ன், ரிவர் என்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்துவிட்டு விலகலாம். கடைசிவரை நின்றவர்களில் சிறந்த ஐந்து சீட்டுகளை உடையவருக்கு நடுவில் குவிந்த தொகை போகும். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே அதை எடுத்துக்கொள்வார்.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முதல் இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். அவற்றில் ஏஸ் ஜோடி வருவது சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறை. அப்படிக் கிடைத்த ஏஸ் ஜோடியை வைத்து, எதிரில் ராஜா ஜோடி வைத்திருப்பவருடன் ஃப்ளாப்புக்கு முன்பே முழுப் பணத்தையும் போட்டாலும், நூற்றுக்குச் சுமார் 18 முறை நீங்கள் தோற்பீர்கள். அந்த 18 முறையும் நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை, அவர் செய்த திறமையான காரியமும் எதுவும் இல்லை. ஓர் இரவில் இப்படி ஒரே ஒரு கை வந்தால் போதும், அன்றைய கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

ஆனால் மங்காத்தாவைப் போல எல்லாமே சீட்டு விழும் விதத்தில் இருப்பதில்லை. மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்று சொல்லிப் பணத்தை வைத்த பிறகு உங்களுக்கு வேலை இல்லை. போக்கரில் எப்போது, எவ்வளவு பணம் வைப்பது என்ற கேள்வி ஒரே கையில் நான்கு முறை திரும்ப வருகிறது. டர்ன் சீட்டு விழுந்த பிறகு உங்கள் கையிலும் மேசையிலுமாக நான்கு ஹார்ட்டின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிவரில் இன்னொரு ஹார்ட்டின் வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி. நீங்கள் பார்த்தவை ஆறு சீட்டுகள், பார்க்காதவை 46, அவற்றில் ஹார்ட்டின் 9. நடுவில் 100 ரூபாய் கிடக்க, எதிரில் இருப்பவர் 50 ரூபாய் கட்டுகிறார். நீங்களும் 50 போட்டால், 46-இல் 9 பங்கு வாய்ப்பில் 150 ரூபாயை வெல்வீர்கள், 37 பங்கு வாய்ப்பில் 50 ரூபாயை இழப்பீர்கள். ரிவரில் மேற்கொண்டு யாரும் பணம் கட்டவில்லை என்று கொண்டால், இந்த முடிவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாக ஏறக்குறைய 11 ரூபாயைக் கைவிடுகிறீர்கள். அவர் 50-க்குப் பதில் 25 மட்டும் கட்டியிருந்தால், அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு சராசரியாக 4 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறீர்கள். ஹார்ட்டின் வருவதும் வராததும் அதிர்ஷ்டம். 50 ரூபாய்க்கு விலகுவதும் 25 ரூபாய்க்குத் தொடர்வதும் திறமை. இப்படிப்பட்ட நான்கு ரூபாய்களும் பதினோரு ரூபாய்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் ஒருவருடைய ஆண்டுக் கணக்கு உருவாகிறது.

திறமைக்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது சிஜிட்டல் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. இணையத்தில் ஆடப்பட்ட 10.3 கோடி கைகளை ஆராய்ந்ததில், நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவை யாரும் சீட்டைக் காட்டாமலேயே முடிந்தன என்று கண்டார்கள். ஆர்வம் தூண்டும் தகவல்தான், ஆனால் இதற்கு மேல் இதில் ஏற்றிச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். சீட்டு முடிவு செய்யவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. முடிவு செய்த மனிதர்களில் யார் திறமைசாலி என்பதைக் காட்டவில்லை. அதற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் செய்த ஆய்வு மேலானது. 2010-ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடர் நடப்பதற்கு முன்பே தெரிந்திருந்த தகவல்களை மட்டும் கொண்டு திறமைசாலிகள் யார் என்று பிரித்துவிட்டு, பிறகு முடிவுகளைப் பார்த்தார்கள். திறமைசாலிகளாகக் குறிக்கப்பட்டவர்கள் போட்ட பணத்தின் மீது சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் ஈட்டினார்கள். மற்றவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தார்கள். முன்கூட்டியே பெயரைக் குறித்துவிட்டுப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் பலம், ஏனென்றால் வென்றவர்களைப் பார்த்த பிறகு அவர்களைத் திறமைசாலிகள் என்று அழைப்பது யாருக்கும் எளிது.

என் மனத்தில் இருந்த ஐயத்தை முற்றிலும் நீக்கியது 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் உள்ள ஒரு சூதாட்ட விடுதியில் நடந்த போட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தூமாஸ் சாண்ட்ஹோமும் அவருடைய மாணவர் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வருடன் தனித்தனியாக, 20 நாள்களில் மொத்தம் 1,20,000 கைகள் ஆடியது. அதிர்ஷ்டத்தைக் குறைக்க அவர்கள் செய்த ஏற்பாடு மிக அழகானது: ஒரு மனிதருக்கு எந்தச் சீட்டுகள் தரப்பட்டனவோ, அதே சீட்டுகள் வேறோர் அறையில் இன்னொரு மனிதருக்கு எதிராக லிப்ராட்டஸுக்குத் தரப்பட்டன. ஒருவருக்கு நல்ல சீட்டு வந்தால் அதே அளவுக்கு மற்றவருக்குக் கெட்ட சீட்டு வரும். அப்படிச் சமன் செய்த பிறகும் நிரல் 17 லட்சத்துக்கு மேற்பட்ட சில்லுகளால், அதாவது 100 கைகளுக்கு 14.7 பிக் பிளைண்ட் என்ற வீதத்தில் வென்றது. திறமை என்ற ஒன்று இந்த ஆட்டத்தில் இல்லாவிட்டால் இப்படி ஒரு முடிவு வந்திருக்கவே முடியாது.

ஆகவே திறமை உண்டு. அது நம்மிடம் உண்டா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். 100 கைகளுக்கு 5 பிக் பிளைண்ட் வெல்லும் ஒருவர் நல்ல ஆட்டக்காரர். அதே 100 கைகளில் முடிவு சராசரியிலிருந்து மேலும் கீழும் விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 90 பிக் பிளைண்ட் என்று வைத்துக் கணக்கிட்டால், 10,000 கைகள் ஆடிய பிறகும் அவர் நட்டத்தில் இருப்பதற்கு நூற்றுக்குச் சுமார் 29 வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் கைகள் ஆடினால்தான் அது 4 ஆகக் குறைகிறது. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 30 கைகள் வரும். வாரம் 20 மணி நேரம் ஆடுகிறவருக்கு ஒரு லட்சம் கைகள் முடிய மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். இதே கணக்கு மோசமான ஆட்டக்காரருக்கும் பொருந்தும் என்பதுதான் எனக்குக் கவலை தருவது. உண்மையில் தோற்கும் ஆட்டத்தை ஆடுகிற ஒருவர், ஆறு மாதம் தொடர்ந்து வென்று, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நம்பிக்கை பெற்றுவிட முடியும். அந்த ஆறு மாதம் அவருடைய திறமை அல்ல என்று சொல்ல அவரிடமோ அவர் வீட்டாரிடமோ எந்த அளவுகோலும் இருக்காது.

இப்போது என் கணினிக் கணக்குக்கு வருகிறேன். அங்கே நான் ஆடியவை 1,10,000 கைகள். நடுவில் குவியும் தொகையிலிருந்து, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஒரு சிறு பங்கை ஆட்டத்தை நடத்துகிறவர், அதாவது மேசைக்காரர், எடுத்துக்கொள்வார். இதை ரேக் என்பார்கள். ஒரு கையில் பார்த்தால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று கண்ணுக்கே படாத தொகை. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது, நான் வென்ற கைகளிலிருந்து மட்டும் 66,000 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. அதைக் கழிக்காமல் பார்த்தால் எனக்கு 44,000 ரூபாய் லாபம். மேசையில் இருந்தவர்களிடம் நான் வென்றிருந்தேன், மேசைக்காரரிடம் தோற்றிருந்தேன். இதிலும் ஒரு நேர்மையான திருத்தம் தேவை: இத்தனை கைகளுக்கு, அதிர்ஷ்டத்தால் மட்டும் ஏற்படக்கூடிய ஏற்ற இறக்கம் 30,000 ரூபாய் அளவுக்கு இருக்கும் என்பதால், அந்த 44,000-இல் எவ்வளவு என் திறமை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரே எண் ரேக்தான். சிறு தொகைக்கு ஆடும் மேசைகளில் பந்தயத்தோடு ஒப்பிட ரேக்கின் பாரம் அதிகம் என்பதால், சராசரியைவிடச் சற்று நன்றாக ஆடுவது அங்கே போதாது.

இதன் பிறகு வரியும் சேர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் ஆட்டங்களின் நிகர வெற்றிக்கு 30 சதவீத வருமான வரி, அதே ஆண்டு அக்டோபர் முதல் ஆட்டத்துக்காகப் போடும் தொகையின் மீது 28 சதவீத ஜிஎஸ்டி. நான் அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன் என்றாலும், இந்த வரிகளுக்குப் பிறகு இந்தியாவில் சிறு தொகைக்கு ஆடி லாபம் கண்டிருக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே என்பது என் கணிப்பு.

சட்டமும் நெடுங்காலம் திறமையா அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ரம்மியில் திறமையே மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்ததை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம், திறமையாக இருந்தாலும் அதிர்ஷ்டமாக இருந்தாலும், தடை செய்யப்பட்டது. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் பலர் இதனால் வருந்தினார்கள், அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் திறமை ஆட்டம் என்பதால் அது தீங்கற்றது என்ற வாதத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. மேசைக்காரருக்குப் பங்கில்லாத மங்காத்தாவில், நெடுநாள் ஆடினால் யாருக்கும் யாரைவிடவும் மேன்மை இல்லை. திறமை ஆட்டத்தில் ஆடத் தெரியாதவர் நாள்பட நாள்படத் தோற்பது உறுதியாகிக்கொண்டே போகிறது. திறமைசாலியின் லாபம் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. ஒருவர் வென்ற ரூபாய் இன்னொருவர் இழந்த ரூபாய்தான்.

வீட்டு மேசையில் எனக்குக் கிடைத்த 38,000 ரூபாய் எப்படி வந்தது என்பதை நோட்டைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம். அங்கே ரேக் இல்லை. தேநீருக்கும் பரோட்டாவுக்கும் எல்லோரும் சமமாகப் பணம் போட்டோம். ஆடியவை ஏறக்குறைய 15,000 கைகள்தான் என்றாலும், அதிர்ஷ்டம் மட்டுமே தந்திருக்க முடியாத அளவுக்கு லாபம் பெரிது. எங்களைவிட மூத்தவர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். எல்லோரும் அவரை சார் என்றே அழைத்தோம். கையில் எதுவும் இல்லாவிட்டாலும் ரிவர் வரை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வழக்கம். இரண்டாவது மாதத்திலேயே நான் நோட்டில் எழுதியிருக்கிறேன்: சாரிடம் ப்ளஃப் (நல்ல கை இல்லாமலே பெரிதாகக் கட்டி விலக வைப்பது) வேண்டாம், நல்ல கை வந்தால் பெரிதாகக் கட்டலாம், விலக மாட்டார். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் நான் செய்தது அவ்வளவுதான். 2018 டிசம்பரில் அவர் மாற்றலாகிப் புனே போனார். அதுவரை என் லாபம் 36,500 ரூபாய். அவர் இல்லாமல் 2019 முழுவதும் ஆடிச் சேர்ந்தது 1,500.

கடைசியாக வந்த இரவில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதையே அன்றும் சொன்னார்: "உங்களுக்கு எப்பவும் நல்ல கை வருது தம்பி." மூன்று ஆண்டுகளாக எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரியான சீட்டுகள்தான் வந்துகொண்டிருந்தன. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.