பத்து நிமிடம் தறி நின்றது

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர். ஹாம் ரேடியோ என்றால் லாபத்துக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக ஆளுக்கு ஆள் பேசிக்கொள்கிற ரேடியோ. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம், ஆன்டெனா கட்டுவோம், பேசுவோம், கலைவோம். கிளப் என்று பேர் வைத்திருந்தாலும் அடுத்த தெருவுக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாது. 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் ரேடியோ வழியாகப் பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு பேசினார் அல்லவா, அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என் அக்கா பையன் கேட்டான்: "மாமா, நீங்க வச்சிருக்கிறதும் அதே ரேடியோதானே, எங்க ஸ்கூல்ல ஏன் யாரும் இதைச் சொல்லல?" என்னிடம் பதில் இல்லை. ஊருக்கு இதைச் சொல்லும் வேலையை அன்றைக்கே ஆரம்பித்தோம்.

முதல் முயற்சி, நோட்டீஸ். 'ஹாம் ரேடியோ விழிப்புணர்வு முகாம்' என்று அச்சடித்து டீக்கடை, பேக்கரி, பஸ் ஸ்டாப் எல்லாம் ஒட்டினோம். வந்தவர்கள் பதினொரு பேர், அதில் எட்டுப் பேர் நாங்களே. நோட்டீஸில் என்ன நடக்கும் என்று ஒரு வரிகூட இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தோம்.

இரண்டாவது, வாட்ஸ்அப். இது இன்னும் மோசமாகப் போனது. "விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே போகும்போது அதன் சிக்னலைக் கேட்கலாம்" என்றுதான் நாங்கள் எழுதினோம். நாலு குரூப் தாண்டுவதற்குள் "விண்வெளி வீரரிடம் உங்கள் குழந்தை நேரடியாகப் பேசலாம்" என்று மாறிவிட்டது. மைதானத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு பேர் நின்றார்கள். நாங்கள் கேட்க வைத்ததோ 145.825 மெகாஹெர்ட்ஸில் வரும் டேட்டா சத்தம், ஃபிர்ர் ஃபிர்ர் என்று அரை நொடி அரை நொடியாக. எங்களுக்கு அது பொக்கிஷம். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் "எப்பப் பேசுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

அதனால் இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், கிளப் நடத்துகிற எல்லோரும் விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்பது வேறு, பேசுவது வேறு. மாணவர்கள் விண்வெளி வீரரோடு பேசுவதை நடத்துவது அரிஸ் என்கிற அமைப்பு. 2000 டிசம்பர் 21 அன்று சிகாகோ அருகே ஒரு பள்ளியோடு முதல் தொடர்பு நடந்தது. பள்ளி முன்கூட்டியே விண்ணப்பித்து, பாடத்திட்டம் எழுதிக் கொடுத்து, தேர்வானால் வீரரின் வேலை நேரத்துக்கு ஏற்றபடி நாள் ஒதுக்குவார்கள். கிடைப்பது ஏறக்குறைய பத்து நிமிடம், அதற்குள் மாணவர்கள் வரிசையாக நின்று கேள்வி கேட்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு பள்ளி பேசும்போது நமக்கு அது கேட்கவும் கேட்காது, ஏனென்றால் நிலையம் அப்போது நம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற பொருள் அது, நமக்கு மேலே வந்து போகிற அந்தப் பத்து நிமிடம்தான் நம்முடையது.

மூன்றாவது தடவை பள்ளியை நேராகப் போய்ப் பார்த்தோம். எங்களில் மூத்தவர் ஒருவர் ஹாம்சாட் கதையைச் சொன்னார். 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 கூடவே ஏறிய சிறிய செயற்கைக்கோள், ஹாம்களுக்காகவே இஸ்ரோ விட்டது, 2014 வரை வேலை செய்தது. அதன் வழியாகத் தன் வீட்டு மாடியிலிருந்து பேசியதை அவர் சொல்லச் சொல்ல அறிவியல் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் எங்களுக்கு என்று முடிவானது.

அடுத்த நாலு வாரம் ஆன்டெனா கட்டினோம். தச்சர் வைத்திருக்கிற ஸ்டீல் இஞ்ச் டேப்பை வெட்டி பி.வி.சி. பைப்பில் மாட்டுகிற மூன்று வரிசை யாகி, அதாவது காட்டுகிற திசையில் மட்டும் நன்றாகக் கேட்கும் ஆன்டெனா. பின்னால் 105 சென்டிமீட்டர், நடுவில் 45 சென்டிமீட்டராக இரண்டு துண்டு, முன்னால் 89 சென்டிமீட்டர். பின்னதற்கும் நடுவுக்கும் இடைவெளி 20, நடுவுக்கும் முன்னதற்கும் 32. நடுத் துண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று நேராகத் தொடக் கூடாது, அவற்றை இணைக்கிற கொண்டை ஊசி மாதிரி வளைந்த கம்பியை மறக்கவும் கூடாது. டேப்பின் பெயின்டைச் சுரண்டாமல் பற்றவைத்தால் ஒட்டாது, இதில் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை முழுசாகப் போனது. கடைசியில் ஆறு ஆன்டெனா தேறியது. எல்லாவற்றையும் பிள்ளைகளே வெட்டினார்கள், நாங்கள் பற்றவைப்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் விண்வெளி நிலையத்திலிருந்து சில நாட்கள் படம் அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. 145.800 மெகாஹெர்ட்ஸில் படத்தைச் சத்தமாக மாற்றி அனுப்புவார்கள். ஒரு படம் வர இரண்டு நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம் மௌனம், திரும்ப அடுத்த படம். ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் மொபைலை வைத்து ரோபோட் 36 ஆப்பைத் திறந்தால் படம் வரி வரியாக விழும். கேபிள் போட்டால் வெளிச் சத்தம் நுழையாது, கிளப்பில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். தன் காதில் விழுகிற அதே சத்தம்தான் படமாகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இந்தத் தடவை நோட்டீஸ் டீச்சர் எழுதினார். "வெள்ளி மாலை 6.42. விண்வெளி நிலையம் வடமேற்கில் எழுந்து தென்கிழக்கில் மறையும். பேச முடியாது, கேட்கலாம், படம் பிடிக்கலாம். 6.30க்குள் வரவும்." அவ்வளவுதான். அறுபது பிள்ளைகள், பெற்றோர் ஒரு இருபது பேர் வந்தார்கள்.

பள்ளிச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். தடக் தடக் என்று அது ஓடினால் மொபைல் மைக்குக்குள் அதுவும்தான் போகும். ஆறரை மணிக்கு ஓடிப்போய் தறிக்கார அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்க தம்பி, பத்து நிமிசந்தானுங்களே, நிறுத்திப்போடறனுங்க" என்றார். நிறுத்தியதோடு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். ஓடுகிற தறியைக் கூலி நேரத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் நண்பர் ஒருவரும் அதே நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மேற்கே மலை மறைக்கும், அதனால் எங்களுக்குச் சிக்னல் வந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் அவருக்கு வரும். "வந்துருச்சா?" என்று அவர் போனில் கேட்க, "ஷ்ஷ்" என்று ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி அவரை அடக்கினாள். ஆன்டெனா அவள் கையில் இருந்தது. சிக்னல் மங்கும்போது மணிக்கட்டைத் திருப்பி டேப்பைச் சாய்க்கச் சொல்லியிருந்தோம், மங்கியது, திருப்பினாள், சத்தம் திரும்ப நிமிர்ந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. மொபைலில் முதலில் வெறும் புள்ளி, அப்புறம் நீலமாக ஒரு பட்டை, அப்புறம் எழுத்து. நடுவில் ஒரு கோடு மட்டும் அழுக்காக இருக்கிறது, அது ஆறாவது படிக்கிற ஒரு பையன் தும்மியது. முதல் படம் முழுசாக வந்தது, இரண்டாவது முக்கால்வாசி. நிலையம் மறைந்து சத்தம் முழுக்க இரைச்சலான பிறகுதான் ஒருவன் கத்தினான், அதற்கப்புறம் எல்லோரும் கத்தினார்கள்.

அன்றைக்கு இரவே தறிக்கார அண்ணன் போன் செய்தார், மகள் ஹாம் லைசென்ஸ் பரீட்சை எழுத வயசு என்ன வேண்டும் என்று. பன்னிரண்டு வயது போதும். ஆரம்ப நிலை லைசென்ஸான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் என்கிற புள்ளி-கோடு சங்கேதம் தேவையில்லை, அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான், தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அது கையில் வரும்வரை தனியாக மைக்கை அழுத்தக் கூடாது, இதையும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். இப்போது ஞாயிறு வகுப்புக்கு பதினாலு பேர் வருகிறார்கள், ஐந்து பேர் பெண்கள். மொட்டை மாடி போதாமல் அதே தறிக்குடோன் முன்பக்கத்தில் உட்கார்கிறோம்.

அரிஸ் விண்ணப்பத்துக்கான பாடத்திட்டத்தை டீச்சரும் நாங்களும் பாதி எழுதிவிட்டோம். கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று விட்டதில் நாற்பத்து மூன்று வந்திருக்கின்றன, அதில் இருபதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கேள்வியை முடித்து "ஓவர்" சொல்ல எத்தனை நொடி ஆகிறது என்று வாட்ச் வைத்துப் பழகுகிறார்கள். அக்கா பையன் எழுதியது: மேலே இருந்து பார்த்தால் நொய்யல் தெரியுமா? எட்டு நொடி.