சி.என்.சி. லேத் பயிற்சி: சேர்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்

சி.என்.சி. லேத் என்பது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின். அதில் வேலையில்லாதோருக்கு நடக்கும் இலவசக் குறுகிய காலப் பயிற்சியில் சேரப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? 30 பேருக்கு ஒரே லேத் என்றால், 8 மணி நேரம் ஓடினாலும் தலைக்கு 16 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டர் சிமுலேட்டர். சிமுலேட்டரில் டூல் மோதினால் சத்தம் வராது, பயமும் வராது.

சேரும்போது தொல்லை கொடுப்பது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் விரித்து இன்னொரு மாதிரி இருந்தால், சான்றிதழ் அச்சாகும் நேரத்தில் சிக்கும். முதல் வாரமே சரிசெய்துவிடுங்கள்.

எல்லோரும் ஜி-கோடு (மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளைகள்) மனப்பாடம் செய்வதில் முனைகிறார்கள். அதைவிட முக்கியம் நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர். அதன் சுழலும் பகுதியான திம்பிள் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். சுழலாத உருளையான ஸ்லீவில் தெரியும் அரை மி.மீ. கோட்டைக் கவனிக்காமல் விட்டால் 12.78 என்பது 12.28 ஆகிவிடும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. அளக்கும் முன் இரு முகங்களையும் துடைத்து, ராட்செட்டால் (அளவான அழுத்தத்தில் மூட உதவும் முனைக் குமிழ்) மூடி, பூஜ்ஜியம் பாருங்கள். மூடிய நிலையில் 0.02 காட்டினால், வரும் அளவிலிருந்து 0.02 கழிக்க வேண்டும். வெட்டி முடித்த சூட்டோடு அளப்பதும் தவறு. 50 மி.மீ. ஸ்டீல் பீஸ் 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.01 மி.மீ. பெருத்திருக்கும்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண். டிராயிங்கில் தண்டுக்கு 30 எச்7 (சிறிய எழுத்து h) என்று இருந்தால் 30.000 முதல் 29.979 வரைதான் அனுமதி. பீஸ் 30.04 வந்திருக்கிறது, 29.99 வேண்டும் என்றால் எக்ஸ் (விட்டத்துக்கான அச்சு) வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) 0.05 குறைக்க வேண்டும். ஃபனுக் கம்பெனியின் கன்ட்ரோலில் ‘+இன்புட்’ ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு கூட்டும்; வெறும் ‘இன்புட்’ பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஏற்கெனவே 0.10 இருந்த இடத்தில் -0.05 அடித்து ‘இன்புட்’ அழுத்தினால் மாற்றம் 0.15, அடுத்த பீஸ் 29.89, நேராக ஸ்கிராப் தொட்டிக்கு. துளை போரிங்கில் (துளையைப் பெரிதாக்குவது) இன்னும் வெட்ட வேண்டுமானால் குறி தலைகீழ்: துளை சிறிதாக இருந்தால் கூட்ட வேண்டும்.

புரோகிராமில் தசமப் புள்ளியை மறப்பதும் ஆபத்து. எக்ஸ்50. என்பது 50 மி.மீ. பல மெஷின்களில் புள்ளி இல்லாத எக்ஸ்50 வெறும் 0.05 மி.மீ.; டூல் பீஸின் மையத்தை நோக்கிப் பாயும். புது புரோகிராமை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ராபிட் (வெட்டாமல் வேகமாக நகர்வது) 25 சதவீதத்தில், ஒரு கையை ஃபீட் ஹோல்டில் (டூல் நகர்வை நிறுத்தும் பட்டன்) வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஜி96 (வெட்டு வேகம் மாறாதபடி விட்டத்துக்கு ஏற்பச் சுற்றை மாற்றும் கட்டளை) போட்டால் ஜி50-இல் உச்ச சுழற்சி வேகம் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகத்தில், 50 மி.மீ. விட்டத்தில் 955 சுற்று. ஃபேசிங்கில் (பீஸின் முகப்பைச் சமமாக வெட்டுவது) 10 மி.மீ. விட்டத்துக்கு வரும்போது 4775. வரம்பு இல்லையென்றால் பீஸைப் பிடித்திருக்கும் சக்கின் பிடி தளர்ந்து பீஸ் பறக்கும்.

இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஆள் வருவார். ஜி-கோடு சொல்லச் சொல்வதைவிட, டிராயிங்கைக் கையில் கொடுத்து “எந்த அளவை எந்தக் கருவியால் பார்ப்பாய்?” என்று கேட்பது அதிகம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மெஷின் பக்கம் போனால் அங்கேயே மதிப்பெண் போகும். தொளதொளத்த சட்டைக்கை, மோதிரம், கையுறை எதுவும் சுழலும் மெஷினில் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டு வருகிறவர்கள் உண்டு.

பிறகு வேலை. அப்ரண்டிஸா, கான்ட்ராக்டா என்று கடிதத்தில் பாருங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப். கிடையாது, முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. கான்ட்ராக்ட் என்றால் பி.எஃப். எண், ஷிப்ட் நேரம், ஓவர்டைம் கணக்கு மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ‘ஆபரேட்டர்’ என்று எடுத்து லோடிங் (பீஸை மாட்டிக் கழற்றுவது) மட்டுமே கொடுக்கும் இடங்கள் நிறைய. ஆஃப்செட் திருத்த அனுமதி உண்டா, அதற்கெல்லாம் செட்டரைத்தான் (மெஷினை அமைத்துக் கொடுப்பவர்) கூப்பிட வேண்டுமா என்றும் கேட்டு வையுங்கள்.