அக்குளுக்கு ஒரு சட்டை

ஆகஸ்ட் மாதத்து டோக்கியோவில் சாமுராய் கவசம் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டது என் தப்புதான். கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒரு படம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கடையில் இருந்த பெரியவரோ அதைத் தொடவே விடவில்லை. முதலில் உள்ளே போடுவதைப் போடுங்கள் என்றார்.

கீழிருந்து மேலே, இடப்பக்கம் முதலில். அதுதான் முறையாம். ஷிதாகி என்கிற உள்சட்டை, முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டும் கொபகாமா என்கிற கால்சட்டை, கெண்டைக்காலில் சுற்றும் துணி, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த தாபி காலுறை. இத்தனையும் கட்டி முடிப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். இரும்பு இன்னும் வரவேயில்லை.

அப்புறம் கையைத் தூக்கச் சொல்லி என் அக்குளைத் தட்டினார். மார்புத் தகடு எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, வாளை ஓங்கக் கை மேலே போய்த்தானே ஆக வேண்டும்? அங்கே தகடு வைக்க முடியாது. எதிராளி குறிவைப்பதும் அந்த இடத்தைத்தான். அதை மறைக்கவே வாகிபிகி என்று ஒன்று, துணியில் சங்கிலி வளையங்களைத் தைத்த துண்டு. கழுத்துப்பட்டை, தோள், அக்குள் மூன்றையும் சேர்த்துக் குட்டைச் சட்டையாகத் தைத்தால் அது மன்ஜுனோவா. வளையங்களுக்குப் பதிலாக இரண்டு துணிகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறுகோணத் தகடுகளை வைத்துத் தைப்பதும் உண்டு. அதற்குப் பெயர் கிக்கோ, அதாவது ஆமை ஓடு. வளையங்களுக்குக் கறுப்பு அரக்கு பூசியிருந்தது. நான் விட்ட வேர்வையைப் பார்த்தாலே காரணம் புரியும், துருதான்.

தலைக்கவசப் படமும் எடுத்தேன். சுமாராகத்தான் வந்தது.

மறுநாள் செங்ககுஜி கோயில். 47 ரோனின்களின், அதாவது தலைவரை இழந்த சாமுராய்களின், கல்லறைகள் இருக்கும் இடம். 1701-இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வாளால் வெட்டியதற்காக அவர்களுடைய தலைவர் அசானோ வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியதாயிற்று. 1703 ஜனவரி இறுதியில் ஓர் இரவு அவர்கள் கிராவைக் கொன்று பழிதீர்க்க அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். முழுக் கவசத்தோடு நகரத்துக்குள் நடந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மேலே சாதாரண உடை, உள்ளே குசாரி கதபிரா என்கிற சங்கிலிச் சட்டை. அந்தச் சண்டையில் அவர்கள் தரப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை. தூக்கத்தில் இருந்தவர்கள் மீது பாய்ந்ததுதான் பெரிய காரணம், சரி. ஆனாலும் முந்தின நாள் அந்தப் பெரியவர் தட்டிய இடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மார்ச் மாதம் 47 பேரில் 46 பேருக்கு உத்தரவு வந்தது, அசானோவுக்கு வந்த அதே உத்தரவு. வாசலில் வாங்கிய ஊதுவத்திக் கட்டை ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டே போனேன்.