கான்பூர் விமானங்களும் எங்கள் மேஸ்திரியும்

விமானத் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளில் ஆட்டம் கண்டதைக் கண்டுபிடிக்க எங்கள் மேஸ்திரி கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். ஒரு நாலணாவை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு தகட்டின் மேல் தட்டிக்கொண்டே நகர்வார். டிக், டிக் என்று போகிற சத்தம் ஓரிடத்தில் 'டப்' என்று அடங்கும். அங்கே சாக்பீஸில் ஒரு வட்டம் போடுவார். எனக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. வித்தியாசம் பிடிபட ஏழெட்டு மாதம் ஆனது.

1978இல் பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் ஷீட் மெட்டல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். வேலூர்ப் பக்கத்துப் பையன், கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. மேஸ்திரி, பெங்களூரின் மர்ஃபி டவுன் பகுதித் தமிழர். 1944இல் பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தவர். அப்போது இரண்டாம் உலகப் போர். அமெரிக்க விமானங்கள் பழுதுபார்க்க இங்கேதான் வந்தன. பெல்லந்தூர் ஏரியில் கேட்டலினா கடல் விமானங்கள் இறங்கியதை அவர் சொல்லும்போது, ஏரித் தண்ணீர் இன்னும் அவர் கண்ணில் தெரிகிற மாதிரி இருக்கும்.

ஆனால் அவர் மனசு முழுக்க லிபரேட்டர்தான். பி-24 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 110 அடி. அமெரிக்காவில் ஐந்து தொழிற்சாலைகளில் 18,000க்கும் மேல் கட்டினார்கள். போர் முடிந்ததும், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்களைக் கான்பூரில் நிறுத்தினார்கள். அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தப்படி அவற்றை வேறு யாரும் ஓட்டக் கூடாது. அதனால் எஞ்சினுக்குள் மணலைக் கொட்டி, கருவிகளை உடைத்து, உடம்பை நசுக்கிவிட்டுப் போனார்கள்.

சுதந்திரம் வந்த கையோடு நம் விமானப்படைக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது. புதிதாக வாங்கக் காசு ஏது? 1948இல் எங்கள் தொழிற்சாலை ஆட்கள் (அப்போது அதன் பெயர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்) கான்பூருக்குப் போய், அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒப்பேற்றினார்கள். ஜம்ஷெத் முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 1,500 கிலோமீட்டர்! முழுப் பழுதுபார்ப்பு இங்கே நடந்தது. அந்த வருஷம் நவம்பரிலேயே விமானப்படையின் ஐந்தாம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவு லிபரேட்டர்களோடு தொடங்கியது. மொத்தம் சுமார் 40 விமானங்கள் அப்படி உயிர் பெற்றன.

"தானா கெட்டுப்போன மெஷின்ல எது முதல்ல போகும்னு ஒரு கணக்கு இருக்கு தம்பி," என்பார் மேஸ்திரி. "வேணும்னு உடைச்சதுல கணக்கே கிடையாது. உடைச்சவன் கை எங்கெல்லாம் போச்சுன்னு நீ யோசிக்கணும்." கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையை அடைக்க யாராலும் முடியும், பக்கத்திலிருக்கிற நல்ல தகட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் பாடம். ஓரிடத்தில் அடி விழுந்தால் அதிர்ச்சி நாலு பிரேம் (தகட்டைத் தாங்கும் உள்சட்டம்) தள்ளிப்போய் ஒரு ரிவெட்டைத் தளர்த்தியிருக்கும்.

இந்தப் பாடம் எனக்கு உறைத்தது 1983இல். காட்சிக்கு வைப்பதற்காகப் போர்க்காலத்து விமானம் ஒன்றின் வால் பகுதி எங்களிடம் வந்தது. பல வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஓரிடத்தில் மட்டும் லேசான வீக்கம். ஸ்க்ரேப்பரை வைத்ததும் பெயிண்ட் செதிலாக வந்தது, அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. அலுமினியம் உள்ளுக்குள் அரித்தால் பழைய புத்தகத்தின் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். நகத்தால் கீறினாலே உரிந்தது.

தகட்டை மாற்ற வேண்டும், அதற்கு ரிவெட்டுகளை எடுக்க வேண்டும். தலையின் உயரம் அளவுக்கு மட்டும் டிரில் போட்டு, பஞ்ச் வைத்துத் தட்டித் தலையை எடுத்து, பின்பக்கம் முட்டுக் கொடுத்து மிச்சத்தைத் தள்ள வேண்டும். அவசரத்தில் நான் டிரில்லை ஆழமாக விட்டுவிட்டேன். அடியிலிருந்த பிரேமில் ஒன்பது துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன. காட்சிக்கு நிற்கப்போகிற விமானம்தானே, பெரிய ரிவெட்டாகப் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

மேஸ்திரி கத்தவில்லை. ஸ்கேலை எடுத்துத் துளைக்கும் தகட்டு ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டினார். ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது ஓரம் வேண்டும். பெரிய ரிவெட் போட்டால் அந்த ஓரம் மிஞ்சாது. "இது பறக்காதுன்னு உனக்குத் தெரியும். உன் கைக்குத் தெரியுமா? இன்னிக்கு இதுல பழகினா நாளைக்குப் பறக்குறதுலயும் அதையே செய்யும்," என்றார்.

அப்புறம் அந்த பிரேம் துண்டையே வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்தோம். மூன்று வாரம். ரிவெட்டுகளைச் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்து ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம். வெளியே எடுத்தால் பத்து, இருபது நிமிஷத்துக்குள் அடித்தாக வேண்டும், இல்லையென்றால் உலோகம் இறுகிவிடும், அடிக்கும்போது வெடிக்கும். நான் வெளியிலிருந்து ரிவெட் அடிக்கும் கன்னை அழுத்த, உள்ளே குனிந்து, பின்பக்கம் முட்டுக் கொடுக்கும் டோலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்தவர் மேஸ்திரி. ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்த மனிதர், அந்த இடுக்கில் மூன்று வாரமும் என்னோடு உட்கார்ந்திருந்தார்.

லிபரேட்டர்கள் 1968 கடைசிவரை நம் விமானப்படையில் பறந்தன. அப்படி மீட்ட விமானங்களில் ஒன்று அமெரிக்காவுக்குப் போய், மறுபடி செப்பனிடப்பட்டு 1989இல் பறந்தது. மர்ஃபி டவுன் வீட்டில் இதைச் சொன்னபோது மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உள்ளே போய் அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார்.

பிறகொரு முறை வேலையாக டில்லி போனேன். பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. அதன் வயிற்றுப் பக்கம் குனிந்து நெடுநேரம் பார்த்தேன். தகட்டின் மேல் தகடாக ஒரு பழைய ஒட்டு. யார் போட்டது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விமானம் எப்படி இருக்கிறது, பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று எதுவும் கேட்கவில்லை.

"ரிவெட் வரிசை நேரா இருந்துச்சா?"

"இருந்துச்சு மேஸ்திரி."

"ம்," என்று சொல்லி, சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.